விசாரணையில் இருக்கும் காற்று

காற்றுநல இயக்ககத்தின் கட்டடத்தில் ஒரு ஜன்னலும் திறக்காது. வெளியே இருக்கும் காற்று இன்னும் பரிசோதிக்கப்படவில்லை, பரிசோதிக்காத காற்றை உள்ளே விடுவது முறையல்ல என்று கட்டடம் எழும்பும்போதே முடிவாகிவிட்டது. ஆகவே உள்ளே இருந்தவர்கள் தாங்கள் விட்ட மூச்சையே குளிரவைத்து மறுபடி இழுத்துக்கொண்டு, மக்களின் மூச்சைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

தொட்டிக்காரர் அங்கே போக நேர்ந்தது ஒரு விசிறிக்காக.

தொட்டிக்காரர் என்பது வேலையால் வந்த பெயர். இரும்புச் சாமான்களில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கையும் பழைய பெயின்ட்டையும் போக்கித் தரும் பட்டறை ஒன்றில் அவர் வேலை பார்த்தார். பின்னறையில் மூன்று தொட்டிகள். ஒன்றில் ட்ரை, ஒன்றில் பெர்க், ஒன்றில் மெத்திலீன். மூன்றும் குளோரின் சேர்ந்த கரைப்பான்கள். அவற்றுக்கு முழுநீள வேதியியல் பெயர்களும் உண்டு; அதைச் சொல்லி முடிக்கிற அளவுக்குப் பின்னறையில் யாருக்கும் மூச்சு மிஞ்சவில்லை. பொதுவாக 'மருந்து' என்பார்கள். சாமானைக் கம்பிக்கூடையில் அடுக்கி மருந்தில் முக்கி எடுத்தால் பிசுக்குப் போய்விடும். சாமானில் ஒட்டி வந்த மருந்து ஆவியாகி அறையிலேயே நிற்கும். கொஞ்சம் இனிப்பான வாடை. மத்தியானம் ஆனால் தொட்டிக்காரருக்குத் தரை லேசாக மிதக்கும். குடிக்காமலே இந்த நிலையை அடைந்தவர் என்று கூட்டாளிகள் அவரை மதித்தார்கள்.

பிறகு விரல் நுனிகள் மரத்துப்போயின. சட்டைப் பித்தானை மனைவி போட்டுவிட வேண்டியதாயிற்று. கையில் எடுத்த தம்ளர் கையில் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"கல்லீரல் வீங்கியிருக்கு. குடிப்பீங்களா?"

"இல்லீங்க."

"என்ன வேலை?"

சொன்னார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"மாத்திரை எழுதித் தர்றேன். ஆனா அந்த ரூம்ல இருந்து காத்து வெளிய போக ஒரு வழி பண்ணாம மாத்திரையால ஒண்ணும் ஆகாது. இப்படியே போனா கல்லீரலோட நிக்காது, கிட்னிக்கும் வரும். சீக்கிரம் பண்ணுங்க."

வழி பின்னறை மூலையிலேயே ஓர் அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. காற்றை வெளியே தள்ளும் பெரிய விசிறி. பழைய முதலாளி வாங்கிப்போட்டு, மாட்டாமலே பட்டறையை விற்றுவிட்டுப் போயிருந்தார். அதன்மேல் துணியை விரித்துத் தொட்டிக்காரர் உட்கார்ந்து டீ குடிப்பது வழக்கம். புது முதலாளி முன்பக்கம் குளிரூட்டிய கண்ணாடி அறையில் இருப்பவர்; பூட்டுக்குச் சாவி வாங்கிய நாளுக்குப் பிறகு பின்னறைப் பக்கம் தலைகாட்டியதில்லை.

"விசிறி போட்டா மருந்தெல்லாம் காத்துல போயிடும்ப்பா" என்றார் முதலாளி.

"இப்பவும் காத்துலதான் முதலாளி போகுது."

"போகுது. ஆனா நம்ம ரூமுக்குள்ளயே இருக்குல்ல? வெளிய போனா யாருக்கு லாபம்?" முதலாளி யோசித்து, நியாயஸ்தனின் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். "நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். காற்றுநல இயக்ககத்துல இருந்து ஆர்டர் வரட்டும். மறுநாளே மாட்டிடறேன்."

இப்படித்தான் தொட்டிக்காரர் அந்த ஜன்னல் திறக்காத கட்டடத்துக்குள் நுழைந்தார். வரவேற்பில் இருந்த அம்மா நல்ல மாதிரி.

"எந்தத் திரவம்?"

"மூணும்மா."

"ஒண்ணு சொல்லுங்க. இங்க திரவத்துக்கு ஒரு மாடி. முதல் மாடி ட்ரை, அதுக்கு மேல பெர்க், அதுக்கும் மேல மெத்திலீன்."

"எனக்கு மூணும் கலந்துதாம்மா மூச்சுல வருது."

"கலந்து வர்றதுக்கு மாடி இல்லையே." அந்த அம்மாவுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "மாடிக்கும் மாடிக்கும் நடுவுல படிக்கட்டு இருக்கு. வேணும்னா அங்க கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போங்க."

அவர் உட்காரவில்லை. ஒவ்வொரு மாடியாக ஏறி ஒவ்வொரு அதிகாரியையும் பார்த்தார். ட்ரை அதிகாரி தன் திரவத்தின் பாட்டிலை மேஜைமேல் பிள்ளையின் புகைப்படம் வைப்பதுபோல் வைத்திருந்தார். பெர்க் அதிகாரி, இவர் கீழே ட்ரை அதிகாரியைப் பார்த்துவிட்டு வந்தவர் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மெத்திலீன் அதிகாரி மட்டும் எழுந்து நின்று, "தைரியமா இருங்க, எங்க திரவத்தால யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்று கைகொடுத்தார். பிறகு அந்தக் கையைக் கழுவினார்.

மூவரும் நேரில் வந்து சோதிப்பதாகச் சொன்னார்கள். சொன்னபடியே வந்தும் விட்டார்கள், ஆனால் சேர்ந்து அல்ல. இரண்டு பிரிவுகளின் அதிகாரிகள் ஒரே அறையில் ஒரே சமயத்தில் நிற்கக்கூடாது என்பது இயக்ககத்தின் விதி. முன்பொருமுறை அப்படி நின்றபோது, யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்பதில் சட்டை கிழிந்ததாகக் கேள்வி. ஒருவர் போனபின் ஒருவர் வந்தார். ஒவ்வொருவரிடமும் ஒரு கருவி; ஒவ்வொன்றும் தன் திரவத்தை மட்டுமே அறியும், மற்ற இரண்டுக்கும் கண்ணை மூடிக்கொள்ளும். வளர்ப்பு அப்படி.

"முக்கால் அளவு" என்றார் ட்ரை அதிகாரி. "எங்க வரம்புல இன்னும் கால் பங்கு உங்களுக்குப் பாக்கி இருக்கு. தாராளமா இழுக்கலாம்."

பெர்க் அதிகாரியும் முக்கால் என்றார். மெத்திலீன் அதிகாரியும் முக்கால்தான் என்று சொல்லி, வாழ்த்தும் தெரிவித்தார்.

போகும்போது அறையில் இருந்த ஒரே ஜன்னலைச் சாத்தி, துணிநாடா கட்டி, அரக்கு ஊற்றி முத்திரை குத்தினார் அவர்.

"எதுக்கு சார்?"

"நீங்க புகார் குடுத்திருக்கீங்க. புகார் குடுத்த நிமிஷத்துல இருந்து இந்த ரூம்ல இருக்கிற காத்து விசாரணையில இருக்கு. அது ஆதாரம். ஆதாரத்தை வெளிய விடலாமா?"

"அப்ப விசிறி?"

"சுவத்துல ஓட்டை போட்டு ஆதாரத்தை அழிக்கிறதா? முடிவு வர்ற வரைக்கும் கதவைக்கூட முடிஞ்ச அளவு சாத்தி வைங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அதுவரை அந்த ஜன்னல் வழியாக ஏதோ கொஞ்சம் காற்று வந்துகொண்டிருந்தது. இப்போது அதுவும் சட்டத்தின் பாதுகாப்புக்குள் போய்விட்டது. முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு சொட்டு மருந்து வெளியே போக வழியில்லாமல் அரசாங்கமே வந்து அடைத்துக் கொடுத்துவிட்டது.

வீட்டில் மனைவி அவருடைய சட்டைப் பித்தான்களைக் கழற்றிக்கொண்டே கதையைக் கேட்டாள்.

"முக்கால், முக்கால், முக்கால்னா மூணும் நல்லா இருக்குன்னு அர்த்தமா?"

"அப்படித்தான் சொல்றாங்க. ஒவ்வொண்ணும் அதது வரம்புக்குள்ளதான் இருக்காம்."

"உங்க அக்கா தங்கச்சிங்க மூணு பேரும் ஒரு மாசம் வந்து இங்க தங்கினாங்களே, ஞாபகம் இருக்கா? ஒவ்வொருத்தரும் வரம்புக்குள்ளதான் பேசினாங்க. அளவா ஒரு வார்த்தை, சிரிச்சுக்கிட்டே. அந்த மாசக் கடைசில நான் என்ன பண்ணேன்?"

"பெட்டியைத் தூக்கிட்டு உங்கம்மா வீட்டுக்குப் போயிட்ட."

"ஏன், யாராலன்னு உங்களால சொல்ல முடிஞ்சுதா? இன்னிக்கு வரைக்கும் மூணு பேரும் 'நான் என்ன சொன்னேன்'னுதானே கேக்கறாங்க?" கடைசிப் பித்தானைக் கழற்றினாள். "இதைப் போய் அந்தப் படிச்சவங்ககிட்ட சொல்லுங்க."

அவர் சொல்லிப் பார்த்தார். ட்ரை அதிகாரி நாத்தனார்கள் பற்றிய புகார்களை இயக்ககம் எடுப்பதில்லை என்றார்.

ஆனால் புகார் மேலே போயிற்று, மேலே போனது மருத்துவக் குழுவிடம் வந்தது. குழு அவரைப் பங்குபோட்டது. கல்லீரலை ட்ரை பிரிவு எடுத்துக்கொண்டது. மரத்த விரல்கள் பெர்க் பிரிவுக்கு. தலைச்சுற்றல் மெத்திலீன் பிரிவுக்கு. சிறுநீரகத்தை யாரும் கேட்கவில்லை. அது இன்னும் கெடவில்லை என்பதால் கெட்டதும் முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டார்கள். செவ்வாய்க்கிழமை கல்லீரலோடு வரும்படியும், வியாழக்கிழமை தலையோடு வரும்படியும் அவருக்குத் தகவல் வந்தது.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டே அவர் செவ்வாய்க்கிழமை போனார். ட்ரை மாடியில் படுக்கவைத்துக் கல்லீரலைப் பார்த்தார்கள்.

"எந்திரிக்கிறப்ப தலை சுத்துது சார்."

"அதை இங்க சொல்லாதீங்க" என்றார் பிரிவு டாக்டர் தாழ்ந்த குரலில். "அது மேல்மாடிக்காரங்க விஷயம். நாங்க கேட்டோம்னு தெரிஞ்சா தப்பா எடுத்துப்பாங்க."

மேல்மாடிக்கே போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பியவர் படிக்கட்டில் சரிந்து உட்கார்ந்தார். பிறகு படுத்தார். மேலே இருந்து எட்டிப் பார்த்தவர்கள் கீழ்மாடி எல்லை என்றார்கள். கீழே இருந்து பார்த்தவர்கள் மேல்மாடி எல்லை என்றார்கள். கடைசியில் வரவேற்பு அம்மாதான் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஏறி வந்தார்.

"நான் அன்னிக்கே சொன்னேன், இங்க உக்காருங்கன்னு" என்றார், முகத்தைத் துடைத்துவிட்டபடி. "உங்களை மாதிரி நிறைய பேரு கடைசில இங்கதான் வந்து சேர்றாங்க."

இந்தச் சம்பவம் மெத்திலீன் அதிகாரியின் மனசைத் தொட்டது. அவர் சிந்தித்து ஒரு தீர்வு கண்டார். எந்தத் திரவம் குற்றவாளி என்று தெரிந்தால்தான் ஆர்டர் போட முடியும். அதற்குத் தொட்டிக்காரர் ஒரு சமயத்தில் ஒரு திரவத்தை மட்டும் சுவாசிக்க வேண்டும். இதற்காகப் பயிற்சி வகுப்பு ஒன்று ஏற்பாடாயிற்று. மாணவர் அவர் ஒருவர்தான். வகுப்பெடுக்க அதிகாரி கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

"மூக்குல எத்தனை ஓட்டை?"

"ரெண்டு சார்."

"வாய் ஒண்ணு. ஆக மொத்தம் மூணு. பாருங்க, இயற்கையே பிரிச்சுத்தான் வெச்சிருக்கு. வலது பக்கம் ட்ரை. இடது பக்கம் பெர்க். வாயால மெத்திலீன். ஒண்ணைத் திறக்கிறப்ப மத்த ரெண்டையும் சாத்திடணும்."

"வலது பக்கத்துல பெர்க் வந்துட்டா?"

அதிகாரி கோட்டைச் சரிசெய்துகொண்டார். "ஒத்துழைப்பு குடுக்கணும். நீங்களே இப்படிப் பேசினா நாங்க என்ன செய்ய முடியும்?"

தொட்டிக்காரர் ஒத்துழைத்தார். ஒரு கையால் மூக்கின் ஒரு பக்கத்தை அழுத்திக்கொண்டு, மறு கையால் கம்பிக்கூடையைத் தூக்கினார். விரலில் உணர்வு இல்லாததால் சில சமயம் மூக்குக்குப் பதில் கன்னத்தை அழுத்திக்கொண்டிருந்தார். கூட்டாளிகள் அவர் ஏதோ தியானம் பழகுகிறார் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். வீட்டில் பித்தான் மட்டுமல்ல, இப்போது செருப்பு வாரையும் மனைவியே மாட்டிவிட்டாள். அவள் பேசுவது குறைந்துபோயிற்று. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. டாக்டரிடம் மறுபடி போனார்கள். "இன்னுமா வழி பண்ணலை?" என்றார் டாக்டர். 

மறுநாள் மனைவி நேராக இயக்குநரைப் பார்க்கப் போனாள். அவளை உள்ளே விடவில்லை. அவள் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளைப் பார்த்து, அங்கே ஏற்கெனவே வழக்கமாக வந்து போகும் எந்த மாடியிலும் சேராத மற்ற கலப்புக்காரர்களும் உட்கார்ந்தார்கள். அதிகாரிகள் மாடிக்கு மாடி போக முடியாமல் லிஃப்ட்டில் ஒருவரோடொருவர் நிற்க நேர்ந்தது. இது பொறுக்க முடியாத நிலை. இயக்குநர் உடனே செயல்பட்டார்: பட்டறையின் பின்னறையிலேயே குறைதீர்ப்புக் கூட்டம், தாமே தலைமை.

இரண்டு அதிகாரிகள் ஓர் அறையில் நிற்கக்கூடாதே என்று விதி குறுக்கே வந்தது. நிற்கத்தானே கூடாது என்று நாற்காலிகள் போடப்பட்டன.

கூட்டத்தன்று முன்வரிசையில் மூன்று அதிகாரிகளும் முதலாளியும் அமர்ந்தார்கள். தொட்டிக்காரருக்கு இடமில்லை, மைக்கின் ஒயரைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். ஆதாரம் போய்விடாமல் கதவை ஒயர் அளவுக்கு விட்டுச் சாத்தினார்கள். மூன்று தொட்டிகளும் பக்கத்தில் பளபளத்துக்கொண்டிருந்தன. வருகையாளர்களின் மதிப்பை முன்னிட்டு முதலாளி அவற்றைக் காலையில்தான் புது மருந்தால் விளிம்பு வரை நிரப்பியிருந்தார்.

இயக்குநர் பேசினார். ஒலிபெருக்கி வெளியே இருந்ததால் தெருவே கேட்டது.

"இந்த அறை பாதுகாப்பானது. பாதுகாப்பில்லாத அறைக்கு நான் வருவேனா? இதை நான் ஆதாரமாகவே முன்வைக்கிறேன்." கைதட்டல். "நமது இயக்ககம் தொடங்கியதிலிருந்து இன்றுவரை ஒரு திரவத்தின் மீதும் குற்றம் நிரூபிக்கப்பட்டதில்லை. எந்த நாட்டிலும் இப்படி ஒழுக்கமான திரவங்கள் கிடையாது." பலத்த கைதட்டல். "மக்களின் மூச்சு நமது மூச்சு. அதனால்தான் நாம் அதை வெளியே விடுவதில்லை."

அரை மணி நேரம் இப்படியே போயிற்று. பிறகு வாக்கியங்கள் தளர்ந்து, எழுத்துத் தமிழ் மெல்லக் கழன்று விழுந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நல்ல வாசனையா இருக்கு இங்க. முன்னாடி ஒருத்தர் நம்மகிட்ட வேலை செஞ்சார். மூணும் சேர்ந்தா கெடுதலும் சேரும், கலப்புக்குன்னு ஒரு பிரிவு வேணும்னு சொன்னார். சரியாத்தான் சொன்னார். எனக்கும் தெரியும். யாருக்குத்தான் தெரியாது? கலப்பு இருக்குன்னு ஒத்துக்கிட்டா மூணு மாடி ஒரே மாடியாயிடும். மீதி ரெண்டு மாடிக்காரனும் எங்க போவான்? எனக்கு மூணு மாடிக்குத்தான் இயக்குநர்னு பேரு. ஒரு மாடிக்கு இயக்குநர்னா வீட்டுல மதிப்பாங்களா?" சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. "அவரைப் படிக்கட்டு சுத்தம் பண்ற பிரிவுக்கு மாத்திட்டேன்."

 உள்ளே பெர்க் அதிகாரி, பல வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத ட்ரை அதிகாரியின் தோளில் சாய்ந்து, "உன் பாட்டில் அழகா இருக்குடா, நான் சொன்னதே இல்லை" என்று அழுதார். முதலாளி ஒரு கம்பிக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு அதற்குள் குனிந்து வாந்தி எடுத்தார். கூடையில் ஓட்டைகள் இருக்கும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

சாப்பாட்டு டப்பாவோடு வந்த மனைவி கதவைத் தள்ளிப் பார்த்தாள்.

"என்னங்க, எல்லாரும் குடிச்சிருக்காங்களா?"

"இல்ல. கூட்டம் நடக்குது."

அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே போய், டப்பாவின் மூடியால் ஜன்னலின் அரக்கை நெம்பினாள். தரையில் உட்கார்ந்திருந்த மெத்திலீன் அதிகாரி கையை உயர்த்தினார்.

"ஏம்மா, அது ஆதாரம்."

"உங்க நெஞ்சுக்குள்ள போன ஆதாரமே போதும் சார். எந்திரிங்க."

ஜன்னல் திறந்தது. தொட்டிக்காரரும் தெருக்காரர்களும் ஒவ்வொருவராக அவர்களை வெளியே கொண்டுவந்து சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்தார்கள்.

சில நாட்களில் ஆர்டர் வந்தது. இயக்ககத்தின் வரலாற்றில் இவ்வளவு சீக்கிரம் ஓர் ஆர்டர் வந்ததில்லை. அதைப் பெரிய பலகையாகவே எழுதி, பின்னறைக் கதவில் அடித்துவிட்டுப் போனார்கள்:

'இவ்வறையில் இருந்தபோது இயக்ககப் பணியாளர்களுக்கு ஏற்பட்ட தலைச்சுற்றலுக்கும் அறையின் காற்றுக்கும் தொடர்பு ஏதும் இல்லை எனத் தெளிவாகியுள்ளது. மேற்படி தொடர்பின்மை மீண்டும் நிகழாதிருக்கும் பொருட்டு, இயக்ககப் பணியாளர் எவரும் இவ்வறைக்குள் நுழையக் கூடாது. இங்கே வேலை செய்வோருக்கு இத்தடை பொருந்தாது.'

முதலாளி நான்கைந்து நாள் படுக்கையில் இருந்துவிட்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. கதவருகே நின்று பலகையை இரண்டு தடவை படித்தார். உள்ளே மட்டும் வரவில்லை.

"அந்த விசிறி எங்க?"

"பெட்டியிலதான் இருக்கு முதலாளி."

"மாட்டு."

"ஆர்டர் வரலையே."

"நான் ஊர்ல இல்லை" என்றார் முதலாளி, ஊரில் நின்றுகொண்டே. "நான் எதையும் பார்க்கலை."

"ஆதாரம் அழிஞ்சுதான்னு சோதிக்க வருவாங்களே?"

முதலாளி பலகையைத் தட்டிக் காட்டினார். "எவன் உள்ள வருவான்?"

அன்று மாலையே சுவரை உடைத்தார்கள். பின்பக்கம் யாரும் நடமாடாத பொட்டல். தொட்டிக்காரர் ஏணியில் ஏறி விசிறியை ஓட்டையில் பொருத்தினார். மனைவி கீழ்ப்படியில் நின்று திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

"சரியா பிடிச்சிருக்கேனா?" என்றார் அவர், மேலே பார்த்தபடி.

"இல்ல. என் விரலைப் பிடிச்சிருக்கீங்க."

குனிந்து பார்த்தார். அவள் சொன்னது சரிதான். கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு திருகாணியை அவளே முடுக்கினாள்.

விசிறி ஓடியது. விசாரணையில் இருந்த காற்று பொட்டல் பக்கம் போயிற்று. அடுத்த தடவை பார்த்தபோது கல்லீரல் கொஞ்சம் இறங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். விரல்களைப் பற்றிக் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்.

ஆதாரம் எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டு இயக்ககமும் வந்து சேர்ந்தது. அறைக்குள் நுழையத் தடை. ஆனால் பொட்டல் அறை அல்ல, அங்கே சேர்ந்து நிற்கவும் தடையில்லை. மூன்று அதிகாரிகளும் முதன்முறையாகத் தோளோடு தோள் நின்று, விசிறியின் வாய்க்கு நேராகக் கருவிகளைத் தூக்கிப் பிடித்தார்கள்.

"முக்கால்" என்றார் ட்ரை அதிகாரி.

"முக்கால்" என்றார் பெர்க் அதிகாரி.

"முக்கால். வாழ்த்துகள்" என்றார் மெத்திலீன் அதிகாரி.

தொட்டிக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அங்கதான் மூணும் சேர்ந்து வருது."

"எனக்கு ட்ரை மட்டும்தான் வருது" என்றார் ட்ரை அதிகாரி, காலை அகட்டி ஊன்றிக்கொண்டு. "உங்க வேலையைப் பாருங்க."

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கூடையைத் தூக்கினார். வெளியே பெர்க் அதிகாரி சிரிக்க ஆரம்பித்திருந்தார்.